இந்த ‘விச்’ எதைக் குறிக்கிறது? ஆங்கில வாக்கியத்தில் குழப்பம் வராமல் எழுதும் வழி

சில வருடங்களுக்கு முன்பு, கூட வேலை பார்த்த ஒருவருக்கு ஒரே ஒரு வரியில் மெயில் அனுப்பினேன். “ப்ளீஸ் டெலீட் த ஃபைல்ஸ் இன் த ஃபோல்டர்ஸ் தட் ஆர் நாட் இன் யூஸ்.” எல்லா ஃபோல்டரையும் திறந்து பார்த்து, அவற்றில் பயன்படாத ஃபைல்களை மட்டும் அழிக்கச் சொல்வதாக என் நினைப்பு. அவர் படித்தது வேறு. பயன்படாத ஃபோல்டர்கள் எவை என்று பார்த்து, அவற்றுக்குள் இருக்கும் அத்தனை ஃபைல்களையும் அழிக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார், அப்படியே செய்தும் விட்டார். இரண்டு நாள் கழித்து, நான் மட்டும் எப்போதாவது திறக்கும் ஒரு பழைய ஃபோல்டருக்குள் போனால் ஒன்றுமே இல்லை. பேக்கப் இருந்ததால் அரை நாளில் மீட்டுவிட்டோம். முதலில் அவர்மேல் கோபம்தான் வந்தது. மெயிலை எடுத்து மறுபடி படித்த பிறகுதான், அவர் படித்த விதத்தில் எந்தத் தப்பும் இல்லை, நான் எழுதிய வரி இரண்டு அர்த்தத்துக்கும் இடம் கொடுக்கிறது என்பது புரிந்தது.

அந்த வரியில் இலக்கணப் பிழை கிடையாது. ஸ்பெல் செக், கிராமர் செக் எதில் போட்டாலும் பெரும்பாலும் அடிக்கோடு விழாது. சிக்கல் முழுக்க ‘தட்’ என்ற சின்னச் சொல்லில் இருக்கிறது. அதற்கு முன்னால் இரண்டு பெயர்ச்சொற்கள் நிற்கின்றன, ஃபைல்ஸ், ஃபோல்டர்ஸ். இரண்டும் பன்மை, இரண்டும் பொருள்கள், இரண்டுமே ‘பயன்படாமல்’ இருக்கக்கூடியவை. ‘தட்’ இந்த இரண்டில் எதோடு போய் ஒட்டுகிறது என்று சொல்ல வாக்கியத்தில் ஒரு தடயமும் இல்லை. ‘ஹூ’, ‘ஹூம்’, ‘ஹூஸ்’, ‘விச்’, ‘தட்’ என்று பள்ளியில் ரிலேட்டிவ் புரோநவுன் பாடத்தில் படித்தோமே, அந்த ஐந்தும் இந்த வேலையைச் செய்யும்.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதில் மாட்டுவதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. தமிழில் இந்த இடத்துக்குப் பெயரெச்சம் வரும். பெயரெச்சம் எப்போதும் பெயருக்கு முன்னால் நிற்கும். ‘ஃபோல்டர்களில் உள்ள பயன்படாத ஃபைல்கள்’ என்றால் ஒரு அர்த்தம், ‘பயன்படாத ஃபோல்டர்களில் உள்ள ஃபைல்கள்’ என்றால் இன்னொரு அர்த்தம். ‘பயன்படாத’ என்ற சொல்லை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே விஷயம் முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இதே வர்ணனை பெயருக்குப் பின்னால் வால் மாதிரி வருகிறது, பெயருக்கும் வாலுக்கும் நடுவில் ‘ஆஃப்’, ‘இன்’, ‘ஃபார்’, ‘வித்’ என்று எது வேண்டுமானாலும் நுழைந்து கூடவே இன்னொரு பெயரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. நம் மனதில் தமிழ் வரிசை தெளிவாக இருப்பதால் எழுதும்போது நமக்கு இரண்டாவது அர்த்தம் கண்ணிலேயே படுவதில்லை.

அதனால் நான் செய்யும் சோதனையும் தமிழை வைத்துத்தான். வாக்கியத்தை எழுதி முடித்ததும் ‘விச்’, ‘ஹூ’, ‘தட்’ வரும் இடத்தில் நின்று, பின்னால் வரும் பகுதியைப் பெயரெச்சமாக மாற்றி, முன்னால் இருக்கும் ஒவ்வொரு பெயரோடும் சேர்த்துப் பார்ப்பேன். “த நோட்ஸ் ஃப்ரம் த மீட்டிங் தட் ஐ மிஸ்ட்” என்று எழுதியிருந்தால், ‘நான் தவறவிட்ட மீட்டிங்’ சரியாக இருக்கிறதா, இருக்கிறது. ‘நான் தவறவிட்ட குறிப்புகள்’ சரியாக இருக்கிறதா, அதுவும் இருக்கிறது. இரண்டும் பொருந்தினால் வாக்கியத்தை மாற்றி எழுத வேண்டும். ஒன்றுதான் பொருந்துகிறது என்றால் விட்டுவிடலாம். “த கீ ஆஃப் த ஹவுஸ் விச் ஐ கெப்ட் இன் மை பாக்கெட்” என்பதில் வீட்டைப் பாக்கெட்டில் வைக்க முடியாது, அதனால் யாரும் குழம்ப மாட்டார்கள். ஆனால் இங்கே கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டும். விஷயம் தெரிந்த நமக்கு ஒரு அர்த்தம் அபத்தமாகத் தெரியலாம், புதிதாகப் படிக்கிறவருக்கு அப்படித் தெரியும் என்று எந்த நிச்சயமும் இல்லை.

‘பக்கத்தில் இருக்கும் பெயரைத்தான் குறிக்கும், அவ்வளவுதான்’ என்று சிலர் ஒரே போடாகச் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் அதை நம்பி மட்டும் எழுதக் கூடாது. “த சர்வன்ட் ஆஃப் த ஆக்ட்ரஸ் ஹூ வாஸ் ஆன் த பால்கனி” என்கிற மாதிரி வாக்கியங்களை வைத்து ஃபெர்னாண்டோ குவெட்டோஸ், டான் மிட்செல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் பெயரோடு, அதாவது நடிகையோடு, வாலைச் சேர்த்துப் படித்தார்கள். ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் தங்கள் மொழியில் அதே வாக்கியத்தை முதல் பெயரோடு, அதாவது வேலைக்காரரோடு, சேர்த்துப் படிக்கும் பக்கம் சாய்ந்தார்கள். நாம் எழுதும் ஆங்கிலத்தை யார் யாரோ, என்னென்ன தாய்மொழியோடோ படிக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே சாய்வு இருக்கும் என்று எப்படி நம்புவது?

நீதிபதிகளே இதில் பிரிந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் லிஃப்ட் இயக்கும் வேலை பார்த்த ஒரு பெண் உடல்நிலை காரணமாக ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்டார். தன் பழைய வேலையையும் செய்ய முடியாது, நாட்டின் பொருளாதாரத்தில் இருக்கும் வேறு எந்த வேலையையும் செய்ய முடியாது என்ற நிலையில் இருப்பவருக்குத்தான் சட்டப்படி உதவி கிடைக்கும். ‘நாட்டின் பொருளாதாரத்தில் இருக்கும்’ என்ற பகுதி ஆங்கிலத்தில் இரண்டு வேலைகளையும் சொன்ன பிறகு “விச் எக்ஸிஸ்ட்ஸ் இன் த நேஷனல் எகானமி” என்று வருகிறது. லிஃப்ட் இயக்கும் வேலையே இப்போது பெரிய அளவில் இல்லை, அதனால் அந்த ‘விச்’ பழைய வேலைக்கும் பொருந்த வேண்டும் என்பது அவர் வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. 2003-இல் உச்ச நீதிமன்றம், ‘விச்’ பக்கத்தில் இருக்கும் ‘வேறு எந்த வேலை’ என்பதோடு மட்டுமே சேரும் என்று ஒருமனதாகத் தீர்ப்பை மாற்றியது. ஒரு ‘விச்’ எங்கே ஒட்டுகிறது என்பதில் ஒருவருடைய உதவித்தொகையே தொங்கிக்கொண்டிருந்தது.

சரி, சோதனையில் மாட்டிய வாக்கியத்தை எப்படித் திருத்துவது? என் கை முதலில் போவது வாலை வெட்டி முன்னால் ஒட்டும் வழிக்குத்தான். “அன்யூஸ்ட் ஃபைல்ஸ் இன் த ஃபோல்டர்ஸ்” என்று எழுதினால் ‘தட்’டே தேவையில்லை. ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவ் பெரும்பாலும் பெயருக்கு முன்னால்தான் வரும், அதாவது நம் பெயரெச்சத்தின் வரிசையே கிடைத்துவிடுகிறது. “த ஃபைல்ஸ் இன் அன்யூஸ்ட் ஃபோல்டர்ஸ்” என்றால் மற்ற அர்த்தம். இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அன்று நான் எத்தனை சுலபமாக அந்த அரை நாளை மிச்சப்படுத்தியிருக்கலாம் என்பது தெரிகிறது.

வால் நீளமாக இருந்தால் இப்படி ஒரே சொல்லில் அடக்க முடியாது. அப்போது ‘ஆஃப்’ என்பதைத் தூக்கிவிட்டு அப்பாஸ்ட்ரஃபி எஸ் போட்டுப் பாருங்கள். “த அசிஸ்டன்ட் ஆஃப் த டாக்டர் ஹூ கேம் எஸ்டர்டே” என்பதில் வந்தது டாக்டரா அசிஸ்டன்ட்டா தெரியாது. “த டாக்டர்ஸ் அசிஸ்டன்ட் ஹூ கேம் எஸ்டர்டே” என்று திருப்பிப் போட்டால் ‘ஹூ’ அசிஸ்டன்ட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும், டாக்டர் தள்ளிப் போய்விடுவார். வந்தது டாக்டர் என்றால் இந்த வழி உதவாது. அப்போது வாக்கியத்தை இரண்டாக உடைப்பதே நல்லது: “த டாக்டர் கேம் எஸ்டர்டே. ஹெர் அசிஸ்டன்ட் வில் கால் யூ.” இங்கே தமிழுக்கும் ஒரு எச்சரிக்கை. ‘நேற்று வந்த டாக்டரின் உதவியாளர்’ என்று எழுதினால் தமிழிலும் அதே குழப்பம்தான். பெயரெச்சம் சோதனைக் கருவியாக வேலை செய்வது, அதை ஒவ்வொரு பெயருக்கும் ஒட்டினாற்போல் தனித்தனியாக வைத்துப் பார்க்கும்போது மட்டும்தான்.

அப்புறம், ஆங்கிலமே நமக்குத் தரும் இரண்டு தடயங்கள் இருக்கின்றன, அவற்றை வீணாக்கக் கூடாது. ஒன்று திணை. மனிதருக்கு ‘ஹூ’, மற்றதற்கு ‘விச்’. நம் உயர்திணை, அஃறிணை மாதிரியே. “எ ஃபோட்டோ ஆஃப் த சைல்ட் விச் வாஸ் லாஸ்ட்” என்றால் தொலைந்தது ஃபோட்டோ, “ஹூ வாஸ் லாஸ்ட்” என்றால் தொலைந்தது குழந்தை. இதே இடத்தில் ‘தட்’ போட்டால் அந்த வித்தியாசம் மறைந்துவிடும், ஏனென்றால் ‘தட்’ இரண்டுக்கும் வரும். ஆகவே முன்னால் ஒரு மனிதரும் ஒரு பொருளும் சேர்ந்து நின்றால் ‘தட்’டைத் தவிர்த்துவிடுங்கள். இன்னொரு தடயம் ஒருமை பன்மை. “த லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் விச் வாஸ் கரெக்டட்” என்றால் பட்டியல், “விச் வேர் கரெக்டட்” என்றால் பெயர்கள். ஆனால் இந்தத் தடயம் எல்லா வினைச்சொல்லிலும் கிடைக்காது. ‘வாஸ், வேர்’, ‘இஸ், ஆர்’, ‘ஹேஸ், ஹேவ்’ தவிர, நிகழ்காலத்தில் கடைசியில் வரும் ‘எஸ்’ மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். “விச் கேம் டுடே”, “விச் வில் பி சென்ட்” மாதிரி எழுதினால் ஒருமையா பன்மையா என்று ஒன்றும் தெரியாது. அதோடு, ஒரு சின்ன ‘வாஸ்’ஸை எல்லோரும் கவனித்துப் படிப்பார்கள் என்றும் எதிர்பார்க்க முடியாது, முக்கியமான விஷயம் என்றால் வாக்கியத்தையே மாற்றிவிடுங்கள்.

‘ஹூஸ்’ இன்னும் மோசம். அது மனிதருக்கு மட்டும்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள், பொருளுக்கும் தாராளமாக வரும். “ஐ மெட் த ரைட்டர் ஆஃப் எ புக் ஹூஸ் நேம் ஐ ஃபர்காட்.” மறந்தது எழுத்தாளர் பெயரா, புத்தகத்தின் பெயரா? திணையும் உதவவில்லை, ஒருமை பன்மையும் உதவவில்லை. “ஐ மெட் த ரைட்டர் ஆஃப் எ புக், பட் ஐ ஃபர்காட் த புக்ஸ் நேம்” என்று பெயர்ச்சொல்லைத் திரும்பச் சொல்லிவிடுவதே வழி. ஒரே சொல்லைத் திரும்பச் சொல்லக் கூடாது என்று கட்டுரை வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள், அதை நாம் ரொம்பவே பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஒரு சொல் இரண்டு முறை வருவதால் யாருக்கும் நஷ்டம் இல்லை, தப்பாகப் புரிந்துகொண்டால் நஷ்டம்.

அடுத்தது, எனக்கு அதிகம் கவலை தரும் வகை. கமா போட்டு ‘விச்’ எழுதி, முன்னால் சொன்ன முழு விஷயத்தையும் அதில் கட்டுவது. “த மேனேஜர் ரிஜெக்டட் ஹெர் ப்ரபோசல், விச் வாஸ் எ மிஸ்டேக்.” எழுதியவர் சொல்ல வந்தது, மேனேஜர் நிராகரித்தது தவறு என்று. அவளுக்கு ஆதரவாகத்தான் எழுதுகிறார். ஆனால் அதை அவளே படிக்கும்போது, ‘என் ப்ரபோசலே ஒரு தவறு என்கிறாரா’ என்று படிக்கவும் முழு இடம் இருக்கிறது, பக்கத்தில் நிற்கும் பெயரும் ‘ப்ரபோசல்’தானே. மனிதர்களைப் பற்றி எழுதும் இடத்தில் இது வெறும் இலக்கண விஷயமாக நிற்பதில்லை, மனக்கசப்பில் போய் முடியும். இதற்கும் தமிழில் விடை இருக்கிறது. நாம் ‘நிராகரித்தது தவறு’ என்று தொழிற்பெயரை வைத்துச் சொல்வோம், எது தவறு என்பதில் சந்தேகமே வராது. ஆங்கிலத்திலும் அதையே செய்யுங்கள்: “ரிஜெக்டிங் ஹெர் ப்ரபோசல் வாஸ் எ மிஸ்டேக்.” இரண்டு வாக்கியமாக எழுத வேண்டுமென்றால் இரண்டாவதை “திஸ் வாஸ் எ மிஸ்டேக்” என்று தொடங்காமல் “திஸ் டிசிஷன் வாஸ் எ மிஸ்டேக்” என்று தொடங்குங்கள். வெறும் ‘திஸ்’ஸும் ‘விச்’ மாதிரியேதான், எதையும் பிடித்துக்கொள்ளும்.

கமா பற்றிப் பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். “த ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஃபினிஷ்ட் த டெஸ்ட் வென்ட் ஹோம்” என்று கமா இல்லாமல் எழுதினால், முடித்தவர்கள் மட்டும் போனார்கள், முடிக்காத சிலர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். “த ஸ்டூடன்ட்ஸ்” என்ற சொல்லுக்குப் பின் ஒரு கமா, “டெஸ்ட்” என்ற சொல்லுக்குப் பின் ஒரு கமா போட்டால், எல்லா மாணவர்களும் முடித்தார்கள், எல்லோரும் போனார்கள். தமிழில் ‘தேர்வை முடித்த மாணவர்கள் வீட்டுக்குப் போனார்கள்’ என்ற ஒரே வாக்கியம் இரண்டுக்கும் ஓடிவிடும், அதனால்தான் நாம் கமாவை மூச்சு விடும் இடமாக நினைத்துப் போட்டுவிடுகிறோம். ஒரு சின்ன வழி: தமிழில் சொல்லிப் பார்த்து ‘மட்டும்’ என்ற சொல்லைச் சேருங்கள். ‘தேர்வை முடித்த மாணவர்கள் மட்டும்’ என்பது நீங்கள் சொல்ல வந்ததா? அப்படியானால் கமா வேண்டாம். ‘மட்டும்’ சேர்த்தால் அர்த்தம் கெடுகிறது என்றால் இரண்டு பக்கமும் கமா போடுங்கள். முதல் கமாவைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறப்பது அடிக்கடி நடக்கும், அது எதுவுமே போடாததைவிட அதிகம் குழப்பும்.

பொருள்களைப் பற்றி எழுதும்போது இதே வேலைக்கு ‘தட்’, ‘விச்’ இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளலாம். ‘மட்டும்’ என்ற அர்த்தம் வரும் இடத்தில் ‘தட்’, கமா போடும் இடத்தில் ‘விச்’. ஹென்றி ஃபௌலர் 1926-இல் வெளியிட்ட ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில் இப்படிப் பிரித்துக்கொண்டால் தெளிவு கூடும் என்று ஒரு யோசனையாகச் சொன்னார். அமெரிக்காவில் எடிட்டர்கள் பலர் இன்றும் அதை விதியாகவே பின்பற்றுகிறார்கள், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கமா இல்லாத ‘விச்’ சர்வ சாதாரணம். அதனால் அடுத்தவர் எழுதியதைத் தப்பு என்று திருத்தப் போகாதீர்கள், ஆனால் நம் எழுத்தில் பிரித்து வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது, படிக்கிறவருக்கு இன்னொரு தடயம் கிடைக்கிறது.

‘தட்’டுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. ‘என்று’ என்ற அர்த்தத்திலும் அது வரும். “ஷி டோல்ட் த ஃப்ரெண்ட் தட் ஷி ட்ரஸ்டட் த நியூஸ்.” தான் அந்தச் செய்தியை நம்புவதாகத் தோழியிடம் சொன்னாளா, அல்லது தான் நம்பும் தோழியிடம் அந்தச் செய்தியைச் சொன்னாளா? இரண்டுமே சரியான ஆங்கிலம். இரண்டாவதைச் சொல்ல வேண்டுமென்றால் “ஷி டோல்ட் த நியூஸ் டு த ஃப்ரெண்ட் ஷி ட்ரஸ்டட்” என்று எழுதுங்கள். ‘டோல்ட்’, ‘இன்ஃபார்ம்ட்’, ‘கன்வின்ஸ்ட்’ மாதிரி வினைகளுக்குப் பின்னால் ஒரு ஆளும் ஒரு ‘தட்’டும் அடுத்தடுத்து வந்தால் ஒரு முறை நின்று பாருங்கள்.

ரிலேட்டிவ் புரோநவுனை விட்டுவிடுவதாலும் சிக்கல் வரும். மொழியியலில் தாமஸ் பீவர் 1970-இல் காட்டிய ஒரு வாக்கியம் ரொம்பப் பிரபலம்: “த ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் த பார்ன் ஃபெல்.” கொட்டகையைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது என்று அர்த்தம். குதிரை ஓடியது என்று நினைத்துப் படித்துக்கொண்டே போய், கடைசியில் ‘ஃபெல்’ வந்ததும் முட்டிக்கொண்டு நிற்போம். நடுவில் “தட் வாஸ்” என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தால் தீர்ந்தது. செய்முறை, வழிகாட்டுதல் எழுதும்போது அந்த இரண்டு சொல்லில் சிக்கனம் வேண்டாம்.

கடைசியாக ஒரு வாக்கியத்தை எடுத்து முழுதாகச் செய்து பார்க்கலாம். “வி சென்ட் த டிராஃப்ட் ஆஃப் த அக்ரிமெண்ட் டு த லாயர் ஆஃப் த கம்பெனி விச் வாஸ் சைன்ட் லாஸ்ட் வீக்.” ‘விச்’சுக்கு முன்னால் நான்கு பெயர்கள். ‘போன வாரம் கையெழுத்தான’ என்பதை ஒவ்வொன்றோடும் சேர்க்கிறேன். கம்பெனி என்பது கையெழுத்துப் போடும் தாள் கிடையாது, அது பொருந்தாது. லாயர் மனிதர், ‘விச்’ வராது. மிச்சம் டிராஃப்ட், அக்ரிமெண்ட், இரண்டும் கையெழுத்தாகக்கூடியவை, இரண்டும் ஒருமை என்பதால் ‘வாஸ்’ உதவவில்லை. அப்பாஸ்ட்ரஃபி எஸ் போட்டாலும் வால் ரொம்ப தூரத்தில் கிடக்கிறது. ஆகவே உடைத்துவிடுகிறேன்: “த அக்ரிமெண்ட் வாஸ் சைன்ட் லாஸ்ட் வீக். வி சென்ட் த டிராஃப்ட் ஆஃப் த அக்ரிமெண்ட் டு த கம்பெனிஸ் லாயர்.” இரண்டாவது வரியில் ‘இட்ஸ் டிராஃப்ட்’ என்று சுருக்கத் தோன்றும். இங்கே சுருக்கினால் குழப்பம் வராது, இருந்தாலும் கையெழுத்து, பணம், தேதி சம்பந்தப்பட்ட இடங்களில் நான் சுருக்குவதில்லை. நீளமான டாக்குமெண்ட் என்றால் கண்ட்ரோல் எஃப் அழுத்தி ‘விச்’ என்று தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள், பிறகு ‘ஹூஸ்’, பிறகு ‘தட்’. ‘தட்’ நிறைய வரும், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இதே மாதிரி வரி அடுத்தவரிடமிருந்து உங்களுக்கு வந்தால், இரண்டு அர்த்தத்தையும் தனித்தனி வரியில் எழுதி எது என்று கேட்டுவிடுங்கள், ‘புரியவில்லை’ என்று மட்டும் எழுதினால் அதே வாக்கியம்தான் திரும்பி வரும். “டு யூ மீன் அன்யூஸ்ட் ஃபைல்ஸ் இன் ஆல் ஃபோல்டர்ஸ், ஆர் ஆல் ஃபைல்ஸ் இன் அன்யூஸ்ட் ஃபோல்டர்ஸ்?” பதில் வந்த பிறகு டெலீட் பட்டனைத் தொடுங்கள்.